அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள்

மாலை நாலு பத்து. பூந்தமல்லியில் ஒரு கோயில் விடுதி. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் மேலாளர் தலை நிமிராமல் சொன்னார்:

"தனி ஆளுக்கு ரூம் கிடையாது."

"சம்சாரம் வந்துடுவா சார்."

"எங்க கீறாங்க?"

"பஸ்ல சண்டை. உன் அண்ணன் வீட்டுக்கே போடின்னுட்டேன். பருத்திப்பட்டுல இறங்கிட்டா. போனையும் எடுக்கல."

"சொன்ன பேச்சைத் தட்டமாட்டாங்க போல. போயிருப்பாங்க."

"நாளைக்குக் காலைல இதே கோயில்ல எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் சார்!"

"பொண்ணு இல்லாமலா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு ராத்திரி தங்கவிட்டா என்ன சார் குறைஞ்சிடும்?"

"போன வருசம் இப்டித்தான் ஒருத்தர் ஊட்ல சண்டை போட்டுகினு தனியா வந்தாரு. பாவம்னு சாவி குடுத்தேன். காலைல கதவை உடைச்சது நான்தான்."

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. பரீட்சைக்காக அழைத்து வந்திருந்த என் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து நான் சாவி வாங்கும்போது பெரியவரின் மனைவி பையோடு வந்து சேர்ந்தார். கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலாளரிடம் சொன்னார்:

"கல்யாணம் நாளைக்குத்தானே சார்? இன்னிக்கு எனக்கு வேற ரூம் குடுங்க."