பச்சை வயரில் ஒரு கொண்டை ஊசி

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுகிறவர்கள் அதன் பவர் சப்ளை பெட்டியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வது நல்லது. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்தால், கம்ப்யூட்டர் இல்லாமலே பெட்டி ஓடும். மஞ்சள் வயரில் பன்னிரண்டு வோல்ட் கிடைக்கும். கடைக்கு வருகிற ரேடியோ, விசிறி, கார் ஸ்டீரியோ எதையும் அதில் மாட்டிச் சோதித்துவிடலாம். எங்கள் கடையில் பாதி வேலையை அந்தப் பெட்டிதான் செய்தது, சார்.

கடை எனக்கும் அண்ணனுக்கும் பொது. ஆனால் வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பெரியவர் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நுரையீரல் கெட்டு அவன் படுக்கையில் விழுந்தபோது எல்லாரும் வருத்தப்பட்டார்கள், நானும் வருத்தப்பட்டேன். சன்னலோரம் இருந்த அவன் நாற்காலியில் அப்போதுதான் முதன்முதலாக உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் பெரியவரை யாரும் கேட்கவில்லை.

தூங்கும்போது மூச்சு மெஷினை மாட்டிக்கொண்டால் தேறிவிடுவான் என்றார் டாக்டர். தேறினான். "அடுத்த வாரம் கடைக்கு வர்றேன்டா. என் நாற்காலியைத் தொடச்சு வை" என்று போனில் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை அண்ணி அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அப்பப்ப தானா நின்னுடுது தம்பி. இது இல்லாம அவரைத் தூங்கவே விடக்கூடாதாம். கொஞ்சம் என்னன்னு பாருங்க."

பவர் பெட்டிக்கு மாட்டுகிற இணைப்புக் கம்பி கைக்கு அகப்படவில்லை. அண்ணி தன் கொண்டை ஊசியை எடுத்துக் கொடுத்தார். அதைப் பச்சைக்கும் கறுப்புக்கும் சொருகி, மஞ்சளில் மெஷினை மாட்டினேன். நிற்காமல் ஓடியது. ஆகவே மெஷினில் குறையில்லை. அதோடு வந்த அடாப்டரில்தான் கோளாறு.

அடாப்டரைச் சும்மா அளந்தால் பன்னிரண்டு காட்டும். ஒரு கார் பல்பை எரியவிட்டு அளந்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். அண்ணி தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனபோது எரியவிட்டுப் பார்த்தேன். மீட்டர் முள் ஏழுக்கு இறங்கியது. மேஜை இழுப்பறையில் புது அடாப்டர் ஒன்று இருந்தது. இழுப்பறையைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

அண்ணி வந்ததும், பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரைக் காட்டினேன். "பாருங்க அண்ணி, பன்னிரண்டு காட்டுது. மெஷினும் நல்லா ஓடுது." நான் சொன்ன இரண்டும் உண்மை. அண்ணனாக இருந்தால், பல்பு போட்டுப் பார்த்தாயா என்று உடனே கேட்டிருப்பான். அண்ணிக்கு அதெல்லாம் தெரியாது.

"அப்பாடா, இனி நிம்மதியாத் தூங்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு மெஷினை மாட்டிக்கொண்டு அண்ணன் கண்ணயர்ந்தான். அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் இறங்கி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. அண்ணனும் போய்விட்டிருந்தான்.

 அதன் பிறகு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன். கொண்டை ஊசி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கக் கை வரவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி, "நான்தான் வயரைச் சரியாச் சொருகலை. தம்பி நல்லாதான் பாத்துக் குடுத்தாரு" என்று சொல்லி அழுகிறார். அதைக் கேட்கச் சகிக்காமல்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன், சார்.

அந்த அடாப்டர் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தனுப்பினேன். அண்ணி வயரைச் சரியாகத்தான் சொருகியிருந்தார் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதைச் சொல்ல வேண்டாம். பாவம், தாங்க மாட்டார்.