வலது தோள் வரை போகாத கை

ஓடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு இருபது. எட்டு வயது மகளைக் கையைப் பிடித்து இழுக்கிறேன். பின்னால் என் கணவர் சவரிமுத்து. மாதா கோயில் தெருவில் எங்கள் வைக்கோற்படப்பு எரிகிறது. ஓட்டின் மேல் கல் விழும் சத்தம். முதலில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை.

"வீட்டுக்குள்ள இருக்காதிய, வெளிய ஓடுங்க" என்று யாரோ கத்துகிறார்கள்.

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். பெயர் சொல்ல மாட்டேன், பட்டது போதும். இரண்டு தெரு. ஒன்றில் கத்தோலிக்கர். இன்னொன்றில் புராட்டஸ்டண்ட், அதைச் சபைத் தெரு என்போம். கல்லறைத் தோட்டம் ஒன்றே. அன்று மாதா சப்பரம் போனபோது சபைக் கோயிலில் ஆராதனை. மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். மாதா கோயில் தெருக்காரர்கள் நிறுத்தவில்லை. அங்கிருந்து கல் வந்தது. இவ்வளவுதான் காரணம். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சபைத் தெருவில் பிறந்தவள். கத்தோலிக்கரைக் கட்டியவள். சபைத் தெருவின் கடைசியில் அக்கா வீடு. அங்கே போய்விட்டால் பிழைத்தோம். அந்த வழியாகப் போகலாம் என்றது நான்தான்.

அவர் கழுத்துச் செபமாலையைக் கழற்றி என் ரவிக்கைக்குள் போட்டேன்.

"நீங்க பேசாதிய. நான் பேசுதேன்."

தெருமுனையில் ஏழெட்டுப் பேர். கம்பும் அரிவாளும். பக்கத்து ஊர்களிலிருந்து சபைக்கு ஆதரவாக வந்தவர்கள். எங்களைத் தெரியாது. நான் முன்னால் போனேன்.

"சபை ஆளுகதான் அண்ணாச்சி. அக்கா வீட்டுக்குப் போறோம்."

வழி விட்டார்கள். பத்தடி நடந்திருப்போம். எங்கோ நாட்டு வெடி. ஒரே சத்தம். காது அடைத்தது. அவர் கை தானாக எழுந்தது. நெற்றி. நெஞ்சு. இடது தோள். பயந்தால் சிலுவை போடுவது அவருக்குச் சிறு வயதுப் பழக்கம். சபைத் தெருவில் ஒருவரும் போட மாட்டார்கள். வலது தோள் வரை கை போகவில்லை.

"ஏலே, ஆர்.சி.க்காரன் லே. பிடிலே."

மகளோடு ஓடினேன். அவரை விட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கம்பு விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு அடி எண்ணினேன். நாங்கள் உள்ளே போனதும் அக்கா கதவைச் சாத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்குச் சபைத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். பெட்டியைத் தூக்க ஆள் வராது என்று பயந்தேன். அக்கா வீட்டுக்காரர் வந்தார். அவர் பின்னால் சபைத் தெரு ஆண்கள் நாலு பேர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு தெருக்காரர்களும் தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். ஆராதனை நேரத்தில் மேளம் இல்லை. சப்பரத்துக்குத் தடை இல்லை. ஒரு தாளில் எட்டு வரி. முன்னாலேயே எழுதியிருக்கலாம்.

போனவை: வைக்கோற்படப்பு இரண்டு. ஓட்டு வீடு மூன்று. சினைப் பசு ஒன்று. ஆள் ஒருவர்.

இந்த வருடம் சப்பரம் அமைதியாகப் போனது. முனையில் ஒரு வெடி மட்டும் போட்டார்கள். மகள் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். எடு என்றேன். சப்பரம் கோயிலுக்குத் திரும்பும் வரை எடுக்கவில்லை.