பின்சக்கரத்தில் கவிழ்ந்த கூரை

பூவனத்தூர் கீழத்தெருவில் குடியிருக்கும், காலஞ்சென்ற ரெத்தினத்தின் மனைவி அம்சம் ஆகிய எனக்கு வயது எழுபத்து நான்கு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்துப் போடுவேன். தொழில் விவசாயம். பஞ்சநதம் என்பவர் கொடுத்த புகார் மனுவைப் பற்றித் தலைமைக் காவலர் பர்வின் அவர்கள் கேட்க, நான் சொல்வது கீழே கண்டபடி.

சம்பவத்தன்று அங்கே இருந்தவர்கள்: நான், கார் ஓட்டிய என் பேத்தி இசைவாணி, பின்சீட்டில் எங்கள் எதிர்வீட்டு ஆனந்தவல்லி, வயலுக்கு உரம் தெளிக்க வந்து மழைக்குப் பம்பு செட்டுக்குள் ஒதுங்கி நின்ற பஞ்சநதம், பின்னாலேயே டிராக்டரில் வந்து சேர்ந்த என் இளைய மகன் புகழேந்தி. ஆனந்தவல்லி மடியில் ஒரு சேவலும் இருந்தது. சேவலை எழுத வேண்டியதில்லை என்று காவலர் சொன்னார். கடைசிவரைக்கும் அது இதில் வருகிறது என்று சொல்லி எழுத வைத்தேன்.

இசைவாணி என் மூத்த மகன் நெடுமாறனின் மகள். நெடுமாறன் திருப்பூரில் வேலை பார்ப்பதால் அவள் என்னிடம் வளர்ந்தவள். கார் சம்பந்தமான படிப்புப் படித்து, ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்த்து, அதன் பிறகு பரீட்சை எழுதி மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்குத் தேறியிருக்கிறாள். ஆர்டர் வருவதற்கு முன் போலீஸில் அவளைப் பற்றி விசாரிப்பார்களாம். இந்த மனு வழக்கானால் அந்த வேலை போய்விடும். கண்மூடித்தனமாக வண்டி ஓட்டினாள் என்று பெயர் வாங்கியவளை ஊரார் வண்டிகளைச் சோதிக்க எவன் அனுப்புவான். அதற்காகத்தான் அவள் வேண்டாம் என்று சொல்லியும் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கார் அவள் சம்பாதித்து வாங்கிய பழைய கார். சின்னதுதான், ஆனாலும் வேகத்துக்கென்றே செய்தது, மிதித்தால் முதுகு போய் சீட்டில் ஒட்டிக்கொள்ளும். அவள் அப்படி மிதித்தது ஒரே முறை, தஞ்சாவூர் புறவழிச் சாலையில், அதுவும் நான் கேட்டதால். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் டயர் மாற்ற வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு மன்னார்குடியில் சைபுல்லா கடைக்குப் போனாள். சைபுல்லா அகலமான டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, வேகமான வண்டிக்கு இதுதான் எடுப்பு, இளவட்டங்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். வரி குறைவாக, வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. இசைவாணி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காய்ந்த ரோட்டில் இது ராஜா, நம் ஊர் மழையில் இது ஆகாது, அகலம் கூடினால் தண்ணீரை மிதித்து வெளியே தள்ளாமல் அதன் மேலேயே ஏறிக்கொள்ளும் என்றாள். “தெப்பத்துல சாமிதாண்ணே போகணும், நாம போகக்கூடாது” என்று அவள் சொன்னதற்குக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு கம்பெனி கொடுத்த அதே அகலத்தில், வேகத்துக்கும் தாங்கி மழைக்கும் பிடிக்கிற டயர் கேட்டாள். நாலைந்தைத் தள்ளிவிட்டாள். ஒன்று செய்து நாளாகிவிட்டது என்றாள், ஒன்றின் ரப்பர் மழைக் குளிரில் விறைத்துக்கொள்ளும் என்றாள், மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட அவள் இத்தனை குறை சொன்னதில்லை. சைபுல்லா என்னைப் பார்த்து, காரு உங்களுக்கா பாட்டி என்றார். எனக்குத்தான், பந்தயத்துக்குப் போகிறேன் என்றேன்.

கடைசியில் நடுவில் ஆழமான வாய்க்காலும் அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்காலும் வெட்டிய டயரை எடுத்தாள். நாலும் புதிது, நாலும் ஒரே ஜாதி. பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருந்தது, சக்கரம் உருளும்போது அம்பு முன்னால் பார்க்க வேண்டும். மாட்டி முடித்ததும் சைபுல்லா என்னைக் காருக்குப் பின்னால் கூப்பிட்டு, ஒரு குவளைத் தண்ணீரைப் பின்சக்கரத்தின் மேல் ஊற்றினார். வரிகள் கூரை முகடு போல மேலே கூடி இரண்டு பக்கமும் இறங்கியிருந்தன, தண்ணீரும் கூரையில் ஓடுகிற மாதிரி வெளிப்பக்கம் ஓடியது. “பின்னாடி நின்னு பாத்தா கூரை தெரியணும் பாட்டி. கூரை கவுந்திருந்தா தண்ணி உள்ளதான் வரும்” என்றார். எனக்கு எழுத்து நிற்காது, பார்த்தது நிற்கும்.

அதன் பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் கணுக்கால் தண்ணீர் நின்ற நாளில்கூட அந்த டயரில் போய் வந்தோம், நான் வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன், பாக்கு ஒன்று உருளவில்லை.

சம்பவத்தன்று ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குத் தேறியதற்குக் குலதெய்வத்துக்குச் சேவல் விடப் புறப்பட்டோம். விறகு, அண்டா, அரிசி எல்லாம் புகழேந்தியின் டிராக்டரில் வந்தன. நாங்கள் காரில் முன்னால் போனோம். மழை சடசடவென்று அடித்தது. இசைவாணி நிதானமாகத்தான் போனாள், டவுன் பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது, கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையாட்டினார், அவரைக் கேட்டாலும் சொல்வார். காருக்குள் இருந்தவளே வண்டி நூறில் போனது என்று சொன்னதாகப் பஞ்சநதம் மனுவில் எழுதியிருக்கிறார். சொன்னது ஆனந்தவல்லி. அவள் பார்த்தது ரேடியோவில் பாட்டு வருகிற எண். அந்த எண் கார் நிற்கும்போதும் நூறுக்கு மேல்தான் காட்டுகிறது. நான் அவளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன்.

பெரிய வாய்க்கால் பாலம் தாண்டி ரோடு வளையும் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் கார் இறங்கியதும் முன்பக்கம் சொன்னபடி போனது, பின்பக்கம் மட்டும் முரட்டு மாடு மாதிரி தனியே திரும்பியது. இசைவாணி கத்தவில்லை, ஸ்டியரிங்கை விடவும் இல்லை. கார் ஒரு சுற்றுச் சுற்றி, பஞ்சநதத்தின் வரப்பை உடைத்துக்கொண்டு, சம்பாப் பயிருக்குள் மெதுவாக இறங்கி நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது சேவல்தான்.

பஞ்சநதம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். இவர் ஒரு குறுவைக்கு நடுராத்திரியில் எங்கள் மடையை அடைத்தவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் தண்ணீரில் தத்தளித்த சேவலைத் தூக்கித் தன் துண்டால் துடைத்தவரும் இவர்தான், அதையும் சொல்ல வேண்டும். துடைத்துக்கொண்டே பேத்தியைப் பார்த்து, “அடக்க ஆளில்லாத புள்ள கையில வண்டியக் குடுத்தா இப்புடித்தான் பறக்கும்” என்றார்.

அதற்குள் புகழேந்தி டிராக்டரில் வந்து, காரின் பின்பக்கத்தில் சங்கிலி கட்டி ரோட்டுக்கு இழுத்தான். நான் பின்னால் நின்றேன். மழை சேற்றைக் கழுவிவிட்டதால் பின்சக்கர வரி தெளிவாகத் தெரிந்தது. கூரை இல்லை. கூரை கவிழ்ந்திருந்தது, இரண்டு சக்கரத்திலும். இசைவாணி குனிந்து அம்பைப் பார்த்தாள், அம்பு பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுத் தன் சித்தப்பாவைப் பார்த்தாள். புகழேந்தி சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பஞ்சநதம் மறுபடியும் அந்த ‘அடக்க ஆளில்லாத’ வார்த்தையைச் சொன்னார். புகழேந்தி சங்கிலியையே சுற்றினான்.

வீட்டுக்கு வந்ததும் அவனை மாட்டுக்கொட்டகையில் வைத்துக் கேட்டேன். முதல்நாள் காரைக் கழுவும்போது இடதுபக்கப் பின்சக்கரத்தை வலதுபக்கத்துக்கும் வலதை இடதுக்கும் மாற்றி, அம்பு பின்னால் திரும்பும்படி மாட்டினானாம். அவனுடைய டிரெய்லருக்கு டிராக்டர் டயரை மாட்டும்போது இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், இழுக்கிற சக்கரத்துக்கு அம்பு ஒரு பக்கம், இழுபடுகிற சக்கரத்துக்கு மறுபக்கம், அப்போதுதான் தேயாது. இந்தக் காரில் இன்ஜின் இழுப்பது முன்சக்கரத்தை, பின்சக்கரம் சும்மா இழுபடுகிறது, அதனால் புள்ளையின் புது டயர் தேயாமல் இருக்கட்டும் என்று செய்தானாம். ஆசையாகத்தான் செய்திருக்கிறான். பிறகு ஏனடா அங்கே வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “டயரே மாட்டத் தெரியாதவன்னு பேரு வந்தா எவம்மா நம்ம டிராக்டர உழவுக்குக் கூப்புடுவான்?” என்றான்.

அதன் பிறகு இசைவாணியைக் கேட்டேன். மழைதான் அப்பாயி, வண்டி எடுக்கும் முன் டயரைப் பார்க்காதது என் தப்பு என்றாள். அவளுக்குச் சைக்கிளும் டிராக்டரும் பழக்கியவன் புகழேந்தி. அவனைக் காட்டிக் கொடுக்க மாட்டாள். இந்த ஸ்டேஷனிலும் மழை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

அவள் சொல்லாததை நான் சொல்கிறேன். கார் எங்கள் வாசலில் அப்படியே நிற்கிறது. யாரும் சக்கரத்தைத் தொட்டுவிடக் கூடாது என்று அதற்குக் குறுக்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன். வந்து பாருங்கள், சைபுல்லாவையும் கூட்டி வாருங்கள். உடைந்த வரப்பை நானே மண் அணைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன், பழைய வரப்பைவிட உறுதி.

எழுதியதைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் பார்த்ததும் கேட்டதும் தவிர இதில் ஒரு சொல்லும் கூடவில்லை, பெற்ற பிள்ளைக்காக ஒரு சொல்லும் குறையவில்லை. கேட்டு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

ரெ. அம்சம்

கையெழுத்துக்குக் கீழேயும் நாலு வரி எழுதச் சொன்னேன். ஆனந்தவல்லியை மன்னித்துவிட்டேன். பஞ்சநதத்தைச் சேவலுக்காகப் பாதி மன்னித்திருக்கிறேன், மனுவைத் திரும்ப வாங்கினால் மடை அடைத்த கணக்கையும் விட்டுவிடுவேன். சக்கரத்தை மாற்றியதற்காக என் மகன் மேல் கோபம் இல்லை. வெளியே டிராக்டரில் எனக்காகக் காத்திருக்கிறான், அதில்தான் ஏறி வீட்டுக்குப் போவேன், சோறும் போடுவேன். ஆனால் அண்ணன் மகளை அடக்க ஆளில்லாதவள் என்று ஒருவர் சொன்னபோது, ஆள் பக்கத்திலேயே சங்கிலி சுற்றிக்கொண்டு நின்றதே, அதற்கு மன்னிப்பு இல்லை. பெயரை வெளியே கேட்கும்படி உரக்கப் படிக்கச் சொன்னேன்: ரெத்தினம் மகன் புகழேந்தி.