அப்பாவு அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னது

சார், நான் கொஞ்சம் வேகமாகப் பேசுவேன். விசாரணையை எழுதிக்கொள்பவருக்குச் சிரமமாக இருந்தால் கையைக் காட்டச் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். வார்டில் நான் இப்படிப் பேசுவதில்லை. அங்கே முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நின்றபடி பேசினால், இவள் எந்த நேரமும் கிளம்பிவிடுவாள் என்று படுத்திருப்பவருக்குத் தோன்றும்.

பெயர் ஆன்சி. வயது இருபத்து நான்கு. ராயபுரம். எமர்ஜென்சியில் நோயாளி உதவி மேசையில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். டாக்டர் ஹெப்சிபாதான் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அந்த மேசையை வாங்கினார். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் எண்ணூர், மணலி பக்கம் கான்ட்ராக்டில் வேலை செய்பவர்கள். கம்பெனிக்குள் அடிபட்டால் உள்ளே அடிபட்டது என்று சொல்லவே மாட்டார்கள். வூட்ல வழுக்கி விழுந்துட்டேன் என்பார்கள். மேஸ்திரி ஆட்டோவில் ஏற்றும்போதே சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவார். உண்மை ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறினால் போலீசுக்குத் தகவல் போகும், கான்ட்ராக்டருக்குக் கேள்வி வரும், அவர் மொத்த கேங்கின் கேட் பாஸையும் பிடுங்கிக்கொள்வார், அத்தனை பேருக்கும் வேலை போகும். டாக்டரிடம் சொல்லாததை அவர்கள் பாஷை பேசுகிற ஒருத்தியிடம் சொல்வார்கள். அதை நான் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். வேலை அவ்வளவுதான். நன்றாகவே செய்தேன்.

ஏப்ரலில் லியாகத் அலி பாய் கை நசுங்கி வந்தார். கதவில் மாட்டிக்கொண்டது என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசிய பிறகு பிரஸ் மெஷின் என்றார். டாக்டரிடம் சொன்னேன். கை பிழைத்தது. பதினோரு பேருக்குப் பாஸ் போனது. கட்டுப் பிரிக்க வந்த அன்று பாய் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"உன்ன நம்பி சொன்னேன் பாரு, என்னத்தான் செருப்பால அடிச்சிக்கணும்."

சத்தம்கூடப் போடவில்லை. அந்தப் பேச்சு எப்படியோ எல்லாக் கேங்குக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் ஸ்டூலை இழுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். காலையில் வருவேன், மேசையைத் துடைப்பேன், சாயங்காலம் போவேன். ஒரு மாதம் அப்படியே போனது.

மே பன்னிரண்டாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு அப்பாவு அண்ணன் வந்தார். நாற்பத்தொரு வயது, எர்ணாவூர். டேங்க் கழுவுகிற வேலை. மனைவி கெங்கம்மா கூட வந்திருந்தார். வெயிலில் மயக்கம் என்றார்கள். கண் சிவந்திருந்தது, மற்றபடி உட்கார்ந்து பேசினார். நான் ராயபுரம் என்று தெரிந்ததும், "அதான பாத்தேன், வாயி லாஞ்சு கணக்கா ஓடுது" என்று சிரித்தார். கெங்கம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வெயிலும் இல்ல, இன்னாவும் இல்ல தங்கச்சி. டேங்க்ல கேஸு. பத்து நிமிசம் உள்ள மாட்டிகினேன். யாராண்டயும் சொல்லிடாத. ஒம்போது பேரு பொயப்பு."

சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு போய்ச் சாப்பிட்டேன். அந்த ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

டாக்டர் வந்து பார்த்தார். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார், எந்தச் சத்தமும் இல்லை. அண்ணனிடம் கேட்டதற்கு வெயில்தான் என்றார். உடனே டாக்டர் என் பக்கம் திரும்பி, வேறு ஏதாவது உண்டா ஆன்சி என்றார். ஒவ்வொரு நோயாளிக்கும் என்னைக் கேட்பார். ஒன்றும் இல்லை டாக்டர், வெயில்தான் என்றேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டார்.

டேங்கில் இருக்கிற விஷவாயு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்பீர்கள். தெரியும். சில வாயுவை மூச்சில் இழுத்தவர் முதலில் நன்றாகத்தான் இருப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எந்த வாயுவாக இருந்தாலும் ஒரு முழு நாள் வைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. மார்ச்சில் டாக்டர் எங்களுக்கு இதை வகுப்பாகவே எடுத்து, தமிழில் ஒரு தாள் அடித்து ஒட்டச் சொன்னார். அடித்தது நான். என் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

நாலரை மணிக்குக் கெங்கம்மா என்னைத் தேடி வந்தார்.

"இந்தாளு வாய் ஓயாதவரும்மா. இப்போ கம்முனு குந்திகினு கீறாரு. சட்டையில ஒரு மாரி நாத்தம் வேற. நெஜமா வெயில்தானா?"

அவரை உட்கார வைத்தேன். பயந்திருப்பவரைக் குறுக்கே மறிக்காமல் முழுக்கப் பேசவிட வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், உறவு சொல்லிக் கூப்பிட வேண்டும். எல்லாம் முறைப்படி செய்தேன். வெயிலடித்தவர்கள் இப்படித்தான் ஓய்ந்து கிடப்பார்கள் அக்கா என்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் தளர்ந்தது. மாத்தூரில் இருக்கிற அவர் தங்கை மகளுக்கு என்னை மாதிரியே வாய் என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு ஆட்டோவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாயோரம் நுரை இருந்தது. உயிர் இல்லை. அன்று எனக்குக் காலை ஷிப்ட். கெங்கம்மாவிடம் நான்தான் சொன்னேன். என் மேல் சாய்ந்துதான் அழுதார்.

அவர் கொடுத்த புகாரில், டாக்டர் இரண்டு நிமிடம்கூட நின்று பேசவில்லை, இந்தப் பொண்ணு ஒண்ணுதான் எங்களை மனுசங்களா மதிச்சுது என்று இருக்கிறது. அதன் பேரில்தான் டாக்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

அண்ணனுக்கு வாக்குக் கொடுத்ததால் மறைத்தேன் என்று போன வாரம் எழுதிக் கொடுத்தேன். நோயாளியின் விருப்பம்தான் முதலில் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தேன். அதில் பொய் இல்லை. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

ஐந்து மணிக்கு அண்ணன் இருமினார். கையசைத்து என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நெஞ்சு ஒரு மாரி கமறுது. பாஸு போனா போவுது. டாக்டரம்மாவாண்ட சொல்லிடலாமா?"

டாக்டர் பத்தடி தள்ளி இன்னொருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னால், முதலில் ஏன் வெயில் என்றாய் என்று என்னைக் கேட்பார். வெளியே, ஆன்சி மறுபடியும் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் தோன்றின. நாற்காலிக்குப் பின்னால் ஒட்டிய அந்தத் தாளும் தோன்றியது. மறந்துபோனேன் என்று சொல்ல மாட்டேன்.

"ஒண்ணும் ஆவாதுண்ணா. தொண்ட காஞ்சி போயிருக்கும். வூட்டுக்குப் போயி படுத்தா சரியாயிடும். நான் சொல்றேன் இல்ல" என்றேன்.

நீ சொன்னா சரிம்மா என்றார். தண்ணீர் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டேன். இருமல் அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, அதன் பிறகுதான் டிஸ்சார்ஜ் கையெழுத்துக்கு டாக்டரைக் கூப்பிட்டேன்.

ஆகவே அப்பாவு அண்ணனைச் சாகவிட்டது நான். டாக்டர் இல்லை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கெங்கம்மா அக்கா வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். நீங்கள் யாரும் போக வேண்டாம், சார். பட்டென்று போட்டு உடைத்தால் தாங்க மாட்டார். நானே போகிறேன். நான் சொன்னால் கேட்டுக்கொள்வார்.