இருபதுக்குப் பதினெட்டு

— நாலு நாளா விஜியை அனுப்பல. இன்னைக்கு நீ மட்டும் வந்து, வாசல்ல நின்னுகினே ‘இனிமே டியூசன் வேணாம் டீச்சர்’னா எப்படி தனபாக்கியம்? உள்ள வந்து உக்காரு. புள்ளைக்குக் காய்ச்சலா?

— காய்ச்சல் இல்ல டீச்சர். உக்கார நேரமும் இல்ல. எங்க வீட்டுக்காரவுக சுரங்கத்துல ஏ ஷிப்ட் முடிஞ்சு ரெண்டரை பஸ்ஸுல வந்துருவாக. நாலு மணிக்கு அவளைக் கூட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்புதாக. உங்க எழுத்து அட்டைகளைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். வேற பிள்ளைக்கு ஆகும்.

— பள்ளிக்கூடம் நடக்கறப்ப ஊருக்கா? யாருக்குக் கல்யாணம்?

— கல்யாணம் காட்சியெல்லாம் இல்ல. கோவில்பட்டிப் பக்கம் எங்க மதினி வீட்டுல விடப் போறாக. அங்க பிள்ளைகள்லாம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகுதுக. இவளும் போயிக் குச்சி அடுக்கட்டும்னுட்டாக.

— யா அல்லா! பத்து வயசுப் புள்ளையையா? எதுக்கும்மா? இப்பதான் படிப்பு கொஞ்சம் புடிபட்டுக்கினு வருது.

— நீங்களும் அப்படித்தான் நினைக்கீக.

— நினைக்கிறது என்னா? அந்த நோட்டையும் கொண்டாந்துருக்கியே, குடு இப்படி. பாரு. நான் சேத்துக்கினப்ப இருவதுக்கு மூணு. அப்பறம் ஏழு. அப்பறம் பதினொண்ணு. கடைசியா பதினெட்டு. மூணு மாசத்துல வேற எந்தப் புள்ள இப்படி ஏறிச்சு? அவ வந்தன்னைக்கு என்னா சொன்னா தெரியுமா? ‘டீச்சர், எங்க குவாட்டர்ஸெல்லாம் ஒண்ணு போலவே இருக்குது, நான் பக்கத்து வூட்டுக்குள்ள பூந்துடுவேன். இங்கிலீசு எழுத்தும் அப்படித்தான் இருக்குது’ன்னா. அன்னைக்கு ராத்திரிதான் எங்க வூட்டுக்காரரு கடை சோப்பு அட்டையெல்லாம் வெட்டிக்கினு உக்காந்தேன். லைட்டு, நைட்டு, ரைட்டு மூணும் ஒரே பிளாக்குல குடியிருக்கிறவங்க, பின்னாடி சுவரு ஐ-ஜி-ஹெச்-டி மூணுக்கும் ஒண்ணுதான், வாசக்கதவு மட்டும் வேறன்னு சொல்லிக் குடுத்தேன். சிரிச்சுக்கினே கேட்டுக்கினா.

— வீட்டுலயும் அதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

— அப்பறம் என்னா கேடு வந்துச்சு?

— இந்த நோட்டாலதான் டீச்சர் வந்துச்சு.

— நோட்டு என்னா பண்ணிச்சு?

— போன வாரம் நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போயி, விஜயகுமாரி தேறிட்டா, கீழ் கிளாசுல இறக்கிப் போடாதீகன்னு ஹெச்.எம். அம்மாகிட்டச் சொன்னீகள்ல. அவுக ‘அப்ப நான் ஒரு தடவை பாத்துடறேன், அப்பாவை வரச் சொல்லு’ன்னு சீட்டுக் குடுத்து விட்டாக. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தலைகால் புரியலை. இந்த நோட்டை எடுத்துட்டுப் போயி கம்பெனி பஸ்ஸுல எல்லாருக்கும் காமிச்சிருக்காக. எஞ்சினியர் மகளுக்கு மேல என் மக எழுதுதா பாருன்னு. திங்கக்கிழமை லீவு போட்டு, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனாக.

— ம்.

— ஹெச்.எம். அம்மா பத்து வார்த்தை சொல்லியிருக்காக. இந்த நோட்டுல இருக்கிற வார்த்தைகதான். ஒண்ணுகூட எழுதலை. எழுதுன நாலு எழுத்தும் திரும்பிக்கிட்டு நின்னுச்சாம். ரூமுல இன்னும் ரெண்டு டீச்சருக இருந்தாகளாம். வீட்டுல எழுதுனது யாருன்னு ஒருத்தர் கேட்டுட்டு, இவுக முகத்தைப் பாத்துச் சிரிச்சாகளாம்.

— பயந்துட்டா, வேற ஒண்ணுமில்ல. இங்கயும் நாலு புள்ளைங்களுக்கு நடுவுல எழுதச் சொன்னா பென்சிலையே தொட மாட்டா. அழுவா. அதான் ‘நீ வாயால சொல்லு, எழுதறதை வூட்டுல எழுதிக்கினு வா’ன்னு நானே சொன்னேன்.

— அவுகளுக்கு அது பயமாத் தெரியலையே. வீட்டுல பதினெட்டு எழுதுறவ அங்க ஏன் எழுதலை, திமிரு, அப்பனை நாலு பேரு முன்னால தலைகுனிய வைக்கணும்னு திமிருங்காக. மக்குன்னா கூடப் பொறுத்துக்குவாகளாம். வந்ததும் பெல்ட்டைக் கழட்டிட்டாக.

— ஐயோ. எங்க அடி பட்டுச்சு?

— கால்ல. நடந்துருவா. முந்தியெல்லாம் இவுக அடிச்சதே இல்ல டீச்சர். இருபதுக்கு மூணு வாங்குனப்பக்கூட, ‘போகுது போ, கம்பெனியில எனக்கென்ன இங்கிலீசா பேசுது, மண்ணு வெட்டுற மிசினு தானே’ன்னு மடியில தூக்கி வச்சுக்கிட்டவுக. ஆசை காட்டிட்டோம். அதான்.

— ஒரு சொல்லு அவ எதுத்துச் சொல்லலியா?

— இல்ல. அடிபடும்போது என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அழக்கூட இல்ல.

— இரு, துப்பட்டியைப் போட்டுக்கினு நானும் வரேன். ரெண்டரைக்கு வந்துடுவாரில்ல? இசக்கிமுத்து நான் சொன்னா கேப்பாரு. நோட்டை முன்னால விரிச்சு வச்சுப் புரிய வைக்கிறேன். இதோ, இந்தத் தப்பைப் பாரேன். ‘ஒயிட்’டையும் கொண்டு போயி லைட்டு பிளாக்குல குடி வச்சிருக்கா. நான் சொல்லிக் குடுக்காத வார்த்தை. மனப்பாடம் பண்ணவ இப்படித் தப்பு பண்ண மாட்டா. புரிஞ்சுகினு, யோசிச்சு எழுதுன கை இது.

— வராதீக டீச்சர்.

— ஏன்? இதைவிட என்னா சாட்சி வேணும்?

— அதை எழுதுனது நான்.

— என்னா?

— அவ தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே எழுதுவா டீச்சர். பத்து மணி ஆகும், ஒரு வரி முடியாது. எங்க வீட்டுக்காரவுக மைன்ஸ்ல ஒரு ஆளுக்கு உடம்புக்கு முடியலைன்னா அடுத்த ஆளு அவன் ஷிப்டையும் சேத்துப் பாத்துட்டு வரலையா, ஒரு நாளைக்குத்தானேன்னு பென்சிலை வாங்குனேன். மூணாங்கிளாசோட நின்ன கை, பிள்ளை கையெழுத்து மாதிரிதானே இருக்கும். நீங்க அவளுக்குச் சொல்லிக் குடுக்கும்போது தினம் ஒரு மணி நேரம் இந்த வாசல்லதானே காத்துக் கிடக்கேன். காதுல விழுந்ததும் வீட்டுல பாத்த உங்க அட்டையும் மனசுல நின்னுச்சு. நீங்க சிவப்பு மையில ‘நன்று’ன்னு போட்டீக. என் வாழ்க்கையில ஒருத்தரும் எனக்கு அப்படிப் போட்டதில்ல. அதுக்கப்புறம் விட முடியலை.

— அடிப்பாவி. அந்தப் புள்ள அடி வாங்கறப்பவும் வாயை மூடிக்கினா நின்ன?

— நின்னேன். பயம். அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாக. என்னைக் காட்டிக் குடுக்கலை. நான்தான் அவளைக் குடுத்துட்டேன்.

— அழுதது போதும். இன்னும் நேரம் இருக்குது. அவரு வந்ததும் மொத வேலையா உள்ளதை உள்ளபடி சொல்லு. நாலு திட்டு திட்டுவாரு, வாங்கிக்கோ. புள்ள பஸ் ஏறாம இருந்தாப் போதும்.

— நேத்து ராத்திரியே சொல்லிட்டேன் டீச்சர். சிரிச்சாக. ‘உனக்கு இங்கிலீசா? மகளைக் காப்பாத்த எந்தப் பொய் வேணும்னாலும் சொல்லுவியே’ன்னாக. நிசம்தான்னு சத்தியம் பண்ணுனேன். அப்ப எழுதிக் காட்டுன்னு பென்சிலைக் குடுத்துட்டு, என் தலைக்கு மேல நின்னுக்கிட்டு இந்த நோட்டைப் பாத்து ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னாக. விஜி பக்கத்துலதான் இருந்தா. எனக்கு ஒரு எழுத்துகூட வரலை.