கஸ்தோன் மெரிலின் திதி வெண்பா

வயதானவர்களைக் குளிப்பாட்டும்போது தண்ணீரின் சூட்டைவிட முக்கியமானது கதவைச் சாத்துவது. ஒரு கீற்றுக் குளிர்காற்று உள்ளே வந்தால் போதும், அன்று முழுவதும் நம்மைத் திட்டித் தீர்ப்பார்கள். மொன்றியலின் ரோஸ்மோன் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். என்னைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்ததில்லை.

என் பெயர் சிவநேசம். வயது அறுபத்துமூன்று. பார்க் எக்ஸ்ரென்ஷனில் குடியிருக்கிறேன். இதை வாயால் சொல்லாமல் எழுதித் தருவதற்குக் காரணம் மரண விசாரணை அதிகாரியாகிய நீங்கள் அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் சாருஜா. நல்ல பிள்ளைதான், லவாலில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் "திதி எண்டா என்ன அங்கிள்?" என்று என்னிடமே கேட்டாள். அந்தச் சொல் விளங்காவிட்டால் இந்த விசாரணையில் ஒன்றுமே விளங்காது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்துச் சைவர்கள் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்போம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று பாடல்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் நாலு வரியில் ஒரு வெண்பா. எந்த வருடம், எந்த மாதம், பிறையின் எந்த நாளில் உயிர் பிரிந்தது என்று அது சொல்லும். அந்த நாள்தான் திதி. ஆண்டுதோறும் பிள்ளைகள் திவசம் கொடுப்பது அதைப் பார்த்துத்தான். புலம்பலில் பொய் இருக்கலாம், இருக்கும். திதியில் பிழை இருக்கக்கூடாது. இந்த நகரத்தில் இருநூற்றுப் பத்துக் கல்வெட்டு எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூடத் திதி பிழைத்ததில்லை. என்னைக் கவிஞர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இனிக் கஸ்தோன் மெரில். அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிரான்சின் ஏதோ மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். பாரிசில் நிலவறைக் கடைகளில் கித்தார் வாசித்தவர். மூன்று கச்சேரிக்கென்று மொன்றியலுக்கு வந்து, ஒரு பெண்ணைக் கண்டு, ஐம்பது வருடம் இங்கேயே தங்கிவிட்டவர். பன்னிரண்டு இசைத்தட்டு. அவரைப் பாடகர் என்று சொன்னால் மகளுக்குக் கோபம் வரும். கவிஞர் என்று சொல்லவேண்டுமாம்.

நான் அவருடைய பாட்டுகள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். யாரோ மெத்ரோவில் மறந்துவிட்டுப் போன குடையைப் பற்றி ஏழு நிமிடம் ஒரு பாட்டு. தாய் வெங்காயம் உரிப்பதைப் பற்றி ஒன்று. மழை பெய்வதைப் பற்றி, மழை பெய்யாததைப் பற்றி. எதுகை இல்லை, மோனை இல்லை, தளை கிடையாது. குரலும் இல்லை. சளி பிடித்தவர் காதுக்குள் கதை சொல்வது போன்ற முணுமுணுப்பு. இதற்குத்தான் படித்த பெண்கள் பூச்செண்டோடு வந்து அவர் கட்டில் கால்மாட்டில் நின்று அழுதார்கள். அந்தப் பூச்சாடிகளில் தண்ணீர் மாற்றியது நான். ஊரெல்லாம் ஒருவரைக் கொண்டாடினால் நாமும் கொண்டாடவேண்டும் என்று சட்டம் இல்லை.

பக்கவாதம் வந்து எண்பத்தாறு வயதில் எங்கள் இல்லத்துக்கு வந்தார். பேச்சு மெதுவாக இருந்தது, புத்தி தெளிவாக இருந்தது. விழுங்குவதில்தான் கோளாறு. அப்படியானவர்களுக்குச் சாதாரணத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒரு மாவைக் கலந்து கஞ்சிபோலத் தடிப்பாக்கிக் கரண்டியால் ஊட்டவேண்டும். மறக்காமல் இருக்கக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு நீல அட்டை மாட்டியிருக்கும். அவருக்கு அந்தக் கூழ் பிடிக்காது. "ஒரு வாய் நல்ல தண்ணீர்" என்று தினமும் கேட்பார்.

ஒருநாள் மதியம், மழை பெய்துகொண்டிருந்தது, என் சட்டைப்பையில் இருந்த தாளைக் கண்டுவிட்டு என்ன என்று கேட்டார். நானும் ஒரு கவிஞன் என்று சொன்னேன். படிக்கச் சொன்னார். மனைவியை இழந்த கணவன் புலம்பல், என் எழுத்திலேயே மிகச் சிறந்தது, கேட்டவர்கள் எல்லாம் கண்ணீர் விட்டது. பிரெஞ்சில் வரிக்கு வரி சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பெண்ணுக்கு எதற்குச் சிரிப்பு வரும்?" என்று கேட்டார்.

எந்தப் பெண் என்று சொல்வது? அந்தப் புலம்பலை ஒன்பது பெண்களுக்குப் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அது எங்கள் மரபு. மரபு என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அதை எழுதியிருக்கலாம்" என்றார். இடக்காகச் சொல்லவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்து, அன்பாகத்தான் சொன்னார். நான் அவருடைய வாயைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இதை எழுதுவது ஒழுங்குக்காக மட்டும். அது என் மனதில் தங்கியது என்று நீங்கள் நினைக்கவேண்டாம்.

அவருடைய மகள் எலோடி ஒரு நினைவு நூல் தொகுத்துக்கொண்டிருந்தார். தகப்பனுடைய வாழ்க்கை வரலாறு, பாடல்கள், அதோடு மொன்றியலில் பேசப்படும் நாற்பது மொழிகளில் நாற்பது அஞ்சலிக் கவிதைகள். தமிழுக்கு என்னைக் கேட்டார். யோசித்துப் பாருங்கள், முப்பத்தைந்து வருடமாக நான் எழுதியதெல்லாம் கோயில் மண்டபத்துக் கதிரைகளுக்கு அடியில் கிடந்தது. இது நூலகத்துக்குப் போகும் புத்தகம். ஒக்டோபர் தொடக்கத்தில் வைத்தியர், கிழவர் இந்த மாதத்தைத் தாண்டினாலும் அடுத்த முழுமதிக்கு அப்பால் போகமாட்டார் என்று சொல்லியிருந்தார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அந்த வார்த்தையோடு வெண்பா வந்துவிட்டது. ஜான்-டலோன் சந்தையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது, நாலு வரியும் ஒரே மூச்சில் வந்தது.

விசுவா வசுவாண்டில் ஐப்பசித் திங்கள்
இசைவளர் பூரணை நன்னாள் — திசையெலாம்
பாடித் திரிந்த பரதேசி கஸ்தோன்தான்
வீடுற்றான் என்றே விளம்பு.

தட்டிப் பாருங்கள். ஒரு தளை தட்டாது. "பரதேசி" என்ற சொல்லின் இரண்டு முகமும் அதில் இருக்கிறது. அனுப்பிவிட்டேன். மின்னஞ்சலில் திகதி பதினெட்டு ஒக்டோபர் என்று இருக்கும். எலோடிக்குத் தமிழ் தெரியாது, அழகான எழுத்து என்று பதில் போட்டார். இருபதாம் திகதி அச்சுக்கான பக்கங்கள் மூடப்பட்டுவிட்டன, தகப்பனுடைய வரலாற்றின் கடைசிப் பக்கத்தைத் தவிர இனி ஒரு எழுத்தும் மாற்றமுடியாது என்று எழுதியிருந்தார்.

அதற்கிடையில் கிழவர் தேறிவிட்டார்.

கன்னத்தில் சதை வைத்தது. முணுமுணுக்கத் தொடங்கினார். வசந்தகாலம் வரை பயமில்லை என்று அதே வைத்தியர் சிரித்துக்கொண்டு சொன்னார். பங்குனியிலோ சித்திரையிலோ அவர் சாவாரானால் என் வெண்பா என்னாவது? நூலகத்தில், என் பெயருக்கு மேலே, காலமெல்லாம் ஒரு பொய்த் திதி. கல்வெட்டில் திதியைப் பிழைக்கவிட்டவன் என்ற பெயரோடு எங்கள் ஆட்களுக்கு முன்னால் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? ஒன்றில் வெண்பா, அல்லது கிழவர். கிழவர் எண்பத்தாறு வருடம் இருந்துவிட்டார்.

இருபத்திரண்டாம் திகதியிலிருந்து அவர் கேட்டதைக் கொடுத்தேன். தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுப்பது எங்கள் சமயத்தில் பெரிய தருமம். காலையில் அரைக் கிளாஸ், மதியம் அரைக் கிளாஸ். இருமினார். கண்ணில் நீர் வர இருமிவிட்டு, என்னைப் பார்த்து "மெர்சி" என்று நன்றி சொன்னார். அந்த இல்லத்தில் அவருடைய மனதை அறிந்தவன் நான் ஒருவன்தான். பத்து நாளில் காய்ச்சல் வந்தது, நுரையீரலில் சளி கட்டியது.

பஞ்சாங்கத்தை மொன்றியல் நேரத்துக்குக் கணித்து வைத்திருந்தேன். பூரணை நவம்பர் நாலாம் திகதி செவ்வாய் நண்பகல் தொடங்கிப் புதன் காலை எட்டுப் பத்தொன்பதுக்கு முடிகிறது. செவ்வாய் பின்னேரம் நான் வேலை முடிந்து போகும்போது அவர் இழுத்துக்கொண்டிருந்தார். புதன் காலை ஏழு மணிக்கு வந்தால், மருந்து வேலைசெய்து, மூச்சிரைப்பு இறங்கி, விழித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அந்த அறையின் பொறுப்பு றெபேக்காவுடையது. மன்னாரிலிருந்து வந்த பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்.

"அண்ணை, மிஸ்யூ மெரில் இண்டைக்கு நல்லா இருக்கிறார். என்னைப் பாத்துச் சிரிச்சவர்" என்றாள்.

"சரி பிள்ளை. நீ பன்ரண்டாம் அறை மனுசிக்குச் சாப்பாடு தீத்து. இவரை நான் பாக்கிறன்" என்றேன்.

"உங்களுக்கு ஏன் அண்ணை கரைச்சல்?"

"கரைச்சல் ஒண்டும் இல்லை. போ."

கட்டிலின் தலைப்பக்கத்தைத் தட்டையாக இறக்கினேன். குழாயைத் திறந்து தண்ணீர் குளிரும்வரை ஓடவிட்டேன். முழுக் கிளாஸ். முதல் பாதியை அவராகவே குடித்தார். மற்றப் பாதிக்கு நான் தாடையைப் பிடிக்கவேண்டியிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், கித்தார் வாசித்த கை என்பதால் பிடி பலமாகத்தான் இருந்தது. எட்டு ஐந்துக்கு விட்டது. சுவர்க்கடிகாரத்தையும் என்னுடையதையும் பார்த்தேன், இரண்டும் ஒன்றாகவே காட்டின. தலையை வாரிவிட்டு, கட்டிலைத் திரும்ப உயர்த்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

கிளாஸை எடுக்க மறந்துவிட்டேன். எட்டரைக்கு றெபேக்கா அறைக்குள் போனாள். மேசையில் தடிப்பாக்காத தண்ணீரின் மிச்சம், தலைமாட்டில் நீல அட்டை, அறை அவளுடையது. விசாரித்தபோது, அவரை நான் பார்த்துக்கொண்டதை நான் சொல்லவில்லை; அவளும் அழுத அழுகையில் சொல்லவில்லை. பழக்கத்தில் தானே கொடுத்திருக்கலாம் என்று கடைசியில் அவளாகவே ஒத்துக்கொண்டாளாம். வேலை போனது, சான்றிதழ் போனது. இப்போது டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறாள் என்று கேள்வி. அவளுடைய தாய் அக்னெஸ் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்.

"அண்ணை, பிள்ளை சாப்பிடுறாளில்லை. தான்தான் அந்த மனுசனைச் சாக்காட்டிப்போட்டன் எண்டு கிடந்து அழுகிறாள். அவளை நம்பி வீட்டுக்காரர்கூட இப்ப தங்கடை குழந்தையைத் தூக்கக் குடுக்கினமில்லை. நீங்கள் அண்டைக்கு நிண்டனீங்கள்தானே, ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்."

"பாப்பம்" என்றேன். அது தை மாதம்.

நூல் சித்திரையில் வெளிவந்தது. நல்ல தாள், நல்ல கட்டு. என் வெண்பா முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் முந்நூற்று நாலாம் பக்கத்தில், மெரிலின் வாழ்க்கை வரலாறு முடியும் இடத்தில், அவர் புதன் காலை எட்டு நாற்பதுக்கு இறந்தார் என்று போட்டிருக்கிறார்கள். எட்டு நாற்பது என்பது வைத்தியர் வந்து பார்த்து எழுதிய நேரம். எட்டுப் பத்தொன்பதுக்குப் பிறகு பூரணை இல்லை. பிரதமை, அதாவது அடுத்த திதி.

இதைக் கண்டுபிடித்தவர் லவால் இரவிச்சந்திரன். அவரும் கல்வெட்டு எழுதுகிறார், எழுத்து என்று அதைச் சொன்னால். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் அன்னதானத்தில், அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நூலை விரித்துவைத்துக்கொண்டு, "கவிஞர் இந்தமுறை திதியைக் கோட்டை விட்டிட்டார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சோறு போட்ட பெண்ணும் சிரித்தாள். இருநூற்றுப் பத்துக் கல்வெட்டு எழுதிய எனக்கு அந்த இடத்தில் தலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் காலை உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

ஐந்து மாதம் ஏன் பேசாமல் இருந்தாய், இப்போது ஏன் பேசுகிறாய் என்று கேட்டீர்கள். மனச்சாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். றெபேக்காவின் பெயரும் இதனால் துலங்கும் என்றால் நல்லதுதான், அதற்கு நான் தடையில்லை. ஆனால் அவர் இறந்தபோது அறையில் இருந்தவன் நான் மட்டும். சரியான நேரத்தைச் சொல்லக்கூடியவனும் நான் மட்டும். நான் அங்கே என்ன செய்தேன் என்று சொல்லாமல் நேரத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். கஸ்தோன் மெரிலை நான் கொன்றேன், திட்டமிட்டு, பதினைந்து நாள் எடுத்து. சாருஜா இதைப் பிரெஞ்சில் எந்தச் சொல்லால் வேண்டுமானாலும் எழுதட்டும், கொலை என்றோ அதைவிட மோசமாகவோ. மரணப் பத்திரத்தில் மட்டும் எட்டு ஐந்து என்று திருத்தி, ஒரு பிரதியை இரவிச்சந்திரனுக்கு அனுப்பிவைக்கவும்.