நாலாம் நம்பரைத் தொட்டுச் சொல்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வரக்கூடாது என்பது நான் போட்ட சட்டம் இல்லை, சார். மைசூரில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அந்த அறை வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். மெஷினுக்குத் தூசி ஆகாது என்பார்கள். எங்கள் பள்ளியில் அதற்கும் ஒரு படி மேலே போய், ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு மானிட்டருக்கும் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். அதற்குப் பிறகு அது பாதி கோயில் ஆகிவிட்டது. பெண்கள் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

உங்களுக்கும் வீட்டில் தமிழ்தான் என்று ஏட்டு சொன்னார், அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் நாகலக்ஷ்மி. விஜயநகரில் வீடு. அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். தற்காலிக வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, அடுத்த வருஷம் வரலாமா வேண்டாமா என்று சொல்வார்.

எனக்குப் பெண்களைக் கண்டால் பயம். இதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வகுப்புக்கு நாற்பது பேர், மெஷின் ஆறுதான். ஒன்றைச் சுற்றி ஏழு பேர் நின்றால் ஒருத்தி தட்டுவாள், மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் புடவை, என் கீச்சுக் குரல், என் கன்னடத்தில் எட்டிப் பார்க்கும் தமிழ். முன்பு இருந்த பள்ளியில் நான் போர்டு பக்கம் திரும்பினாலே பின்னாலிருந்து என்னைப் போலவே பேசிக் காட்டுவார்கள். ஒரு நாள் தாங்க முடியாமல் பாதி வகுப்பில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை அப்படி வீட்டுக்குள் நுழைய என்னால் முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நாலாம் நம்பர் மெஷின் அடிக்க ஆரம்பித்தது போன மார்ச் வெயிலில். மெஷினில் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போய்ச் சேர ஒரு கம்பி உண்டு, எர்த் கம்பி என்போம். பள்ளிக்குப் பின்னால் கரியும் உப்பும் கொட்டிய குழியில் அது போய் முடியும். கோடையில் அந்தக் குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆயா லிங்கம்மா ஊற்றுவாள். குழாயில் தண்ணீர் வராததால் நிறுத்திவிட்டாள், குழி காய்ந்துவிட்டது. எல்லா மெஷினும் லேசாகச் சுருக்கென்றன, நாலாம் நம்பர் கொஞ்சம் அதிகம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதன் பெட்டியில் கை வைத்துவிட்டு அலறிக் குதித்தாள். பாடம் பதிந்து வைக்கிற பிளாப்பித் தட்டை நான் எடுக்கவே இல்லை மிஸ் என்று சற்று முன்புதான் என்னிடம் சாதித்திருந்தாள். அழுதுகொண்டே போய்ப் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

“சரஸ்வதி பாத்துட்டா மிஸ்” என்றாள்.

அது சாமி இல்லை, கரண்ட்தான் என்று நான் சொல்லவில்லை. முதலில் நான் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் பிரதிபா மேடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஏன்ரீ நாகலக்ஷ்மி, என்ன மந்திரம் போட்டீங்க? ஒரு சத்தம் இல்லையே” என்று கேட்டார். அந்த மாதக் கடைசியில் கூப்பிட்டு, அடுத்த வருஷமும் நீங்களே இருங்கள் என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. பேனா காணோம், வீட்டுப்பாடம் காணோம், போர்டில் என்னைப் பற்றி யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று எது வந்தாலும், “நாலாம் நம்பரைத் தொட்டுச் சொல்” என்பேன். நல்ல பெண்கள் தொடும்போது காலடியில் ரப்பர் மிதியடி இருக்கும். மற்றவர்கள் தொடும்போது அதைச் சுருட்டி வைத்திருப்பேன், தரையும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். யார் நல்ல பெண் என்று தெரிந்துகொள்வது டீச்சருடைய வேலைதானே, சார். பெரும்பாலும் என் கணிப்பு சரியாகவே இருந்தது. அடி விழுந்ததும் செய்ததை ஒப்புக்கொண்டுவிடுவார்கள். சிலர் செய்யாததையும் ஒப்புக்கொண்டார்கள்.

ஜூனில் மழை வந்து குழி நனைந்தது, அடி நின்றுபோனது. இரண்டாவது வாரமே பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் போர்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நாலாம் நம்பரின் பிளக்கைத் திறந்து, எர்த் கம்பியை மட்டும் கழற்றிவிட்டேன். மற்ற மெஷின்களைத் தொடவில்லை. யாருக்கும் தேவைக்கு மேல் வலிக்கக்கூடாது என்பதில் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பெண் தமிழ்ப்ரியாவின் அப்பாவா? சென்னிமலை என்று பெயர் சொன்னார்கள். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொல்கிறீர்களா? அவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். நன்றி.

தமிழ்ப்ரியா ஹனூர்ப் பெண். விவசாயக் குடும்பம். பள்ளி ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படித்தாள். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். லோகோ என்று ஒரு கம்ப்யூட்டர் பாடம் உண்டு, அதில் திரையில் தெரிகிற ஆமையை நகர்த்திக் கோலம் போடுவாள், சிக்குக் கோலம்கூடப் போட்டாள். ஆனால் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. போன புதன்கிழமை நான் உள்ளே வரும்போது, அவள் ரப்பர் செருப்போடு நாலாம் நம்பர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வகுப்பே சுற்றி நின்றது.

“நான்தான் மைசூர் மகாராணி” என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் கையை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழைய பள்ளிச் சிரிப்பு மாதிரியே கேட்டது. அவள் என்னைப் பார்த்ததும் சட்டென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. எங்க தோட்டத்து மோட்டார்ப் பொட்டியும் இப்படித்தானுங்க சுருக்குனு இழுக்கும். எங்கப்பா செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் தொடுவாருங்க. இது சாமியுமில்ல, பொய்க்குத் தண்டனையுமில்லீங்க, கரண்டு லீக்காவுது. எச்.எம்.கிட்டச் சொல்லி ரிப்பேர் பண்ணுங்க மிஸ். யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருமுங்க. நீங்க சொல்லலைன்னா நாளைக்கு நானே போய்ச் சொல்லிப்போடறனுங்க.”

பணிவாகத்தான் சொன்னாள். பிரதிபா மேடம் பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்வார், கம்பி தானாகக் கழன்றதா யாராவது கழற்றினார்களா என்று கேட்பார், நான் மறுபடியும் பாதி நாளில் வீட்டுக்குப் போய் நிற்பேன். இதெல்லாம் அவள் பேசி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் ஃபேன் பார்க்க எலக்ட்ரீஷியன் பழனிமுத்து வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை, தானாகவே நாலாம் நம்பரையும் திறந்து பார்த்துவிட்டார்.

“மேடம், உள்ளாற ஒயர் நசுங்கிப் போச்சு. எர்த்தும் கழண்டு கெடக்கு. இது இனிமே சும்மா சுருக்குனு விடாது, ஆளையே பிடிச்சுக்கும். சனிக்கிழமை சாமானோட வந்து மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க” என்றார். பிளக்கைப் பிடுங்கி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். சரி என்றேன்.

வியாழக்கிழமை காலை பிளக்கை நான்தான் திரும்பச் சொருகினேன். தரையைத் துடைக்கச் சொல்லி, துணியைப் பிழிய வேண்டாம் என்று லிங்கம்மாவிடம் சொன்னேன். “வழுக்குமேம்மா” என்றாள். பரவாயில்லை என்றேன். மிதியடியைச் சுருட்டி பீரோவில் வைத்தேன்.

முதல் பீரியட் ஒன்பதாம் வகுப்பு. தமிழ்ப்ரியாவை முன்னால் அழைத்து, நேற்று நீ சொன்னதெல்லாம் பொய் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லி மன்னிப்புக் கேள், இல்லை உண்மைதான் என்றால் இரண்டு கையையும் வைத்துச் சொல் என்றேன். நியாயமாகத்தான் கேட்டேன். அவள் ஈரத் தரையைப் பார்த்தாள், தன் வெறுங்காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“வேண்டாங்க மிஸ். எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றாள்.

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அங்கேயே விட்டிருப்பேன். ஆனால் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. “தொடு” என்றேன். டீச்சர் சொன்னால் கேட்கிற பெண்தான் அவள். தொட்டாள்.

அவள் நடிக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒருத்தி கைகூடத் தட்டினாள். பிறகுதான் கத்த ஆரம்பித்தார்கள். மெயின் ஸ்விட்ச் என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது, உட்கார்ந்தபடியே கை எட்டும். பயத்தில் உறைந்துவிட்டேன், என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை என்று முதல் நாள் உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை, அடித்துவிடுங்கள். கரண்ட் பிடித்தவரால் கையை எடுக்க முடியாது, வாய் திறந்து பேச முடியாது, முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கு வருஷத்தின் முதல் பாடமே அதுதான், நான்தான் நடத்துகிறேன். லிங்கம்மா வராந்தாவிலிருந்து ஓடி வந்து, என்னைத் தள்ளிவிட்டு அதை அணைக்கிற வரைக்கும் நான் நாற்காலியில்தான் இருந்தேன்.

அவள் கண் என் மேலேயே இருந்தது, உதடு லேசாக ஆடியது. இதோ கேட்டுவிடுவாள் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தை, சார். உயிர் போகிற வரைக்கும் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவ்வளவு பிடிவாதம்.